கருத்தாய்வில் மறைந்திருக்கும் பிரிவுகளைக் கண்டறிதல்: ஆர் மென்பொருளில் மறைவகுப்புப் பகுப்பாய்வு

கருத்தாய்வுத் தரவு கைக்கு வந்ததும் ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை சதவீதம் பேர் ‘ஆம்’ என்றனர் என்று அட்டவணை போடுவதுதான் வழக்கம். அந்த அட்டவணை பொய் சொல்வதில்லை. ஆனால் விடைகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து வருகின்றன என்பதை அது காட்டுவதும் இல்லை. இருபது சதவீதம் பேர் ஒரு கேள்விக்கும், பத்து சதவீதம் பேர் இன்னொரு கேள்விக்கும் ‘ஆம்’ என்றிருந்தால், அந்தப் பத்தும் இருபதுக்குள் அடங்கியவர்களா, முற்றிலும் வேறு ஆட்களா என்பது விடைத்தொடர்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். வயது, பாலினம், வருமானம் போல நேரடியாகக் கேட்டறிய முடியாத, விடைகளின் கோவையிலிருந்து மட்டுமே ஊகிக்கக்கூடிய பிரிவுகளைத் தேடும் முறையே மறைவகுப்புப் பகுப்பாய்வு, சுருக்கமாக எல்சிஏ.

இதன் அடிப்படைக் கருத்தை 1950ஆம் ஆண்டளவில் முன்வைத்தவர் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட். நடைமுறையில் கணிக்கத்தக்க வழியை லியோ குட்மன் 1974இல் அளித்தார். டெம்ப்ஸ்டர், லேர்ட், ரூபின் ஆகிய மூவரும் 1977இல் பொதுமைப்படுத்திய இஎம் என்னும் படிமுறையே இன்றைய மென்பொருள்கள் பலவற்றின் உள்ளே இயங்குகிறது. இதற்குரிய மென்பொருள்களில் கட்டணமின்றிக் கிடைப்பதும் கற்றுக்கொள்ள ஏற்றதும் புள்ளியியல் கணிப்புக்கான ஆர் மொழிக்கென ட்ரூ லின்சரும் ஜெஃப்ரி லூயிஸும் எழுதிய போஎல்சிஏ என்ற தொகுப்பு. இக்கட்டுரை அதைக் கொண்டே செல்கிறது.

தொகுப்புடன் சில மாதிரித் தரவுகளும் வருகின்றன. அவற்றுள் ‘சீட்டிங்’ என்ற பெயருடையதை எடுத்துக்கொள்வோம். அதில் 319 இளநிலைக் கல்லூரி மாணவர்களிடம் கேட்ட நான்கு கேள்விகளுக்கான விடைகள் உள்ளன: தேர்வு எழுதுவதைத் தவிர்க்கப் பொய் சொன்னதுண்டா; ஆய்வுக்கட்டுரையை உரிய நேரத்தில் ஒப்படைப்பதைத் தவிர்க்கப் பொய் சொன்னதுண்டா; கட்டுரையை விலைக்கு வாங்கித் தன்னுடையதாகக் கொடுத்ததோ வினாத்தாளை முன்கூட்டியே பெற்றதோ உண்டா; தேர்வில் அருகிலிருப்பவரைப் பார்த்து எழுதியதுண்டா. கேள்விகள் நான்கே என்பதால் சாத்தியமான விடைத்தொடர்கள் 16 மட்டுமே. கணிப்பொறி செய்யும் ஒவ்வொரு செயலையும் தாளில் எழுதிச் சரிபார்க்க முடிகிற அளவு என்பதுதான் இந்தத் தரவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.

தரவைத் தயார் செய்தல்

போஎல்சிஏ ஒவ்வொரு விடையும் 1, 2, 3 என ஒன்றிலிருந்து தொடங்கும் முழுவெண்ணாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ‘இல்லை’ என்பதற்கு 0, ‘ஆம்’ என்பதற்கு 1 என்று பதிவு செய்யும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருப்பதால், முதல் ஓட்டத்திலேயே பிழைச்செய்தி வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எல்லா மதிப்புகளோடும் ஒன்றைக் கூட்டிவிட்டால் போதும். இதைவிட ஆபத்தானது ‘தெரியாது’, ‘பதிலளிக்கவில்லை’ ஆகியவற்றுக்கு 9 அல்லது 99 என்ற குறியீட்டை விட்டுவைப்பது. தொகுப்பு அதைப் பிழை என்று உணராது. ஒரு கேள்விக்கு 99 வகை விடைகள் இருப்பதாகக் கொண்டு, வகுப்பு ஒன்றுக்கு அந்த ஒரு கேள்விக்காக மட்டும் 98 அளவுருக்களை, அதாவது தரவிலிருந்து மதிப்பிட வேண்டிய எண்களை, கணிக்க முற்படும். ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் அலைவெண் அட்டவணை எடுத்துப் பார்க்காமல் அடுத்த படிக்குச் செல்லக் கூடாது.

விடுபட்ட விடைகளைப் பொறுத்தவரை, தொகுப்பின் இயல்பான அமைப்பு ஒரு கேள்விக்கு விடை இல்லாவிட்டாலும் அந்த ஆளையே நீக்கிவிடும். அந்தத் தெரிவை மாற்றினால், கிடைத்த விடைகளைக் கொண்டு அவரையும் கணிப்பில் சேர்த்துக்கொள்ளும். கூச்சம் தரும் கேள்விகள் நிறைந்த ஆய்வில் விடையளிக்காமல் விடுவதே ஒரு போக்காக இருக்கக்கூடும் என்பதால், எவ்வளவு பேர் இப்படி நீங்குகிறார்கள் என்பதையாவது பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

எத்தனை வகுப்புகள்?

கட்டளை எளியது. நான்கு கேள்விகளையும் சிபைண்ட் என்ற செயற்கூற்றுக்குள் இட்டு, அலைக்குறிக்கு வலப்புறம் 1 என்று எழுதி, தரவின் பெயரையும் வகுப்புகளின் எண்ணிக்கையையும் கொடுத்தால் விடை வந்துவிடும். சிக்கல் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. இரண்டு கேட்டால் இரண்டு தரும். ஐந்து கேட்டால் ஐந்தைத் தர முயலும். தரவில் பிரிவுகள் இருக்கின்றனவா என்று தொகுப்பு தானாகச் சொல்லாது. கேட்பவர்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக ஓட்டி ஒப்பிட வேண்டும்.

ஒரே வகுப்பு என்பது, கேள்விகளுக்குள் தொடர்பே இல்லை என்ற கருதுகோள். நான்கு அளவுருக்கள் மட்டுமே. தரவோடு பொருந்துவதையும் அளவுருக்கள் கூடுவதற்கான அபராதத்தையும் சேர்த்து எடைபோடும் பிஐசி அளவை ஏறத்தாழ 958. இரண்டு வகுப்புகளில், வகுப்புக்கு நான்காக எட்டு நிகழ்தகவுகளும், வகுப்பின் அளவுக்கு ஒன்றுமாக ஒன்பது அளவுருக்கள். பிஐசி ஏறத்தாழ 932. பிஐசி சிறிதாக இருப்பதே மேல் என்பதால் இந்த 26 புள்ளி வீழ்ச்சி தெளிவான ஆதாரம். மூன்றாவது வகுப்பைச் சேர்த்தால் அளவுருக்கள் 14 ஆகின்றன. இங்கே கணிப்பொறியை ஓட்டாமலேயே முடிவு சொல்லிவிடலாம். இரண்டு வகுப்புகள் கொண்ட கணித மாதிரிக்கும் (மாடல்) தரவுக்கும் இடையிலான இடைவெளியைக் குறிக்கும் ஜி-வர்க்க மதிப்பு வெறும் 7.76. மூன்று வகுப்புகள் தரவை அப்பழுக்கில்லாமல் விளக்கினாலும் அந்த 7.76 புள்ளியைத்தான் மிச்சம் பிடிக்க முடியும். கூடுதல் ஐந்து அளவுருக்களுக்காகப் பிஐசி விதிக்கும் அபராதமோ, 319இன் இயல்மடக்கையை ஐந்தால் பெருக்கி வருவது, ஏறத்தாழ 29. எனவே மூன்று வகுப்புகளின் பிஐசி 953க்குக் கீழே இறங்கவே இயலாது.

நான்கு வகுப்புகள் கேட்டால் நிலைமை இன்னும் மோசம். 16 விடைத்தொடர்களிலிருந்து 15 சுதந்திரமான தகவல்களே கிடைக்கின்றன. நான்கு வகுப்புகளுக்கு 19 அளவுருக்கள் தேவை. இப்படி வரும்போது, தகவல்களின் எண்ணிக்கையிலிருந்து அளவுருக்களைக் கழித்து வரும் கட்டின்மை எண் எதிர்மறையாகிவிட்டது என்று தொகுப்பு எச்சரிக்கும். ஆனாலும் அட்டவணையை அச்சிட்டுவிடும். எச்சரிக்கையைப் படிக்காமல் அட்டவணையை எடுத்து அறிக்கையில் ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

கேள்விகள் கூடுதலாக இருந்தால் மூன்றாவது வகுப்புக்கு இடம் கிடைக்கும். அதே தொகுப்பில் உள்ள ‘கார்சினோமா’ என்ற தரவில், 118 திசு மாதிரிகளில் புற்றுநோய் இருக்கிறதா என்று ஏழு நோயியல் மருத்துவர்கள் தனித்தனியே சொன்ன தீர்ப்புகள் உள்ளன. அங்கே ‘நோய் உண்டு’, ‘நோய் இல்லை’ என்ற இரண்டோடு, மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லாத மூன்றாவது வகுப்பு ஒன்றும் தோன்றுகிறது. மாதிரிகளில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவை அதில் அடங்குகின்றன. இரண்டு வகுப்புகளோடு நிறுத்தியிருந்தால் அந்த ஐயத்துக்குரிய மாதிரிகள் ஏதோ ஒரு பக்கம் தள்ளப்பட்டிருக்கும்.

பிஐசி ஒன்றையே நம்ப வேண்டியதில்லை. வகுப்பைக் கூட்டியதால் கிடைத்த முன்னேற்றம் தற்செயலாகவே வரக்கூடிய அளவுதானா என்பதை, மாதிரியிலிருந்து பலமுறை செயற்கைத் தரவு உருவாக்கிச் சோதிக்கும் பூட்ஸ்ட்ராப் சோதனை, நைலண்ட், அஸ்பாரூஹவ், முத்தேன் ஆகியோர் 2007இல் வெளியிட்ட உருவகப்படுத்தல் ஆய்வில் முன்னணியில் நின்றது. தகவல் அளவைகளுள் பிஐசி நன்றாகச் செயல்பட்டது. போஎல்சிஏவில் இந்தச் சோதனை ஆயத்தமாக இல்லை. நாமே சில வரிகள் எழுத வேண்டும்.

ஒரே ஓட்டத்தை நம்பாதீர்கள்

இஎம் படிமுறை ஏதோ ஒரு தற்செயல் தொடக்கத்திலிருந்து மேலேறிக்கொண்டே போய், இனி ஏற இடமில்லை என்ற புள்ளியில் நிற்கிறது. அது மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரமாகவும் இருக்கலாம், பக்கத்துக் குன்றாகவும் இருக்கலாம். படிமுறைக்கு வேறுபாடு தெரியாது. தொகுப்பின் இயல்பான அமைப்பில் தொடக்கம் ஒன்றுதான். என்ரெப் என்ற தெரிவுக்கு 50 அல்லது 100 என்று கொடுத்தால், அத்தனை தொடக்கங்களிலிருந்தும் ஓட்டி, மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் லாக்-லைக்லிஹுட் மதிப்பு மிக உயர்ந்ததை மட்டும் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் கிடைத்த மதிப்பைத் திரையில் காட்டும். உச்ச மதிப்பு பலமுறை திரும்ப வந்தால் நிம்மதி. நூறில் ஒரே ஒரு முறை மட்டும் வந்திருந்தால், வகுப்புகளின் எண்ணிக்கை தரவு தாங்கும் அளவை மீறிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன். நமது மாணவர் தரவில் இரண்டு வகுப்புகளுக்கு அந்த உச்ச மதிப்பு −440.03.

ஓட்டத்துக்கு முன் தற்செயல் எண்களுக்கான விதை எண்ணை நிறுவிவிட வேண்டும். அப்படியும் இன்னொருவர் ஓட்டும்போது உங்களுடைய இரண்டாம் வகுப்பு அவருடைய ஒன்றாம் வகுப்பாக வரலாம். வகுப்புகளின் வரிசை எண்ணுக்குப் பொருள் எதுவும் இல்லை. அட்டவணைகளை ஒப்பிட வேண்டியிருந்தால், தொகுப்பிலேயே உள்ள மறுவரிசைப்படுத்தும் செயற்கூற்றைக் கொண்டு தொடக்க மதிப்புகளை மாற்றி மீண்டும் ஓட்டிக்கொள்ளலாம்.

விடையைப் படித்தல்

நமது தரவில் ஒரு சிறிய வகுப்பும் ஒரு பெரிய வகுப்பும் கிடைக்கின்றன. சிறியது 16 சதவீதம், பெரியது 84 சதவீதம். சிறிய வகுப்பில் தேர்வைத் தவிர்க்கப் பொய் சொல்லியிருக்கும் நிகழ்தகவு 58 சதவீதம், கட்டுரைக்காகப் பொய் 59, கட்டுரை வாங்கியதோ வினாத்தாள் பெற்றதோ 22, பார்த்து எழுதியது 38. பெரிய வகுப்பில் இவை முறையே 2, 3, 4, 18 சதவீதம்.

இந்த எட்டு எண்களில் கவனிக்க வேண்டியது கடைசி இணை. பார்த்து எழுதுவது பெரிய வகுப்பிலும் ஐந்தில் ஒருவருக்கு நெருக்கமாக நடக்கிறது. ஆகவே அது இரு வகுப்புகளையும் நன்றாகப் பிரிப்பதில்லை. பிரிப்பவை இரண்டு பொய்க் கேள்விகள்தாம். அறிக்கை எழுதுபவர் அவசரத்தில் சிறிய வகுப்புக்கு ‘ஏமாற்றுவோர்’ என்றும் பெரியதற்கு ‘நேர்மையாளர்’ என்றும் பெயர் வைத்துவிடக்கூடும். 18 சதவீதம் பார்த்து எழுதும் கூட்டத்தை நேர்மையாளர் என்பது எண்கள் சொல்லாத செய்தி. பெயரை வைப்பதற்கு முன் எல்லா நிகழ்தகவுகளையும் ஒரே படமாக வரைந்து பார்ப்பது இதனால்தான் தேவைப்படுகிறது.

அடுத்து, ஒவ்வொரு மாணவரும் எந்த வகுப்பைச் சேர்ந்தவராக இருக்கக்கூடும் என்ற நிகழ்தகவையும் தொகுப்பு கணித்துத் தருகிறது. இதைக் கையாலேயே கணிக்கலாம்: வகுப்பின் அளவை அந்த வகுப்பில் நான்கு விடைகளுக்குமான நிகழ்தகவுகளால் பெருக்கி, இரு வகுப்புகளுக்கும் கிடைத்த தொகையால் வகுத்தால் சரி. பார்த்து எழுதியதை மட்டும் ஒப்புக்கொண்டவர் சிறிய வகுப்பில் இருக்க 5 அல்லது 6 சதவீத வாய்ப்பே உண்டு. தேர்வைத் தவிர்க்க மட்டும் பொய் சொன்னவருக்கு ஏறத்தாழ 64 சதவீதம். இரண்டு பொய்களையும் சொல்லி மற்ற இரண்டையும் மறுத்தவருக்கு 99 சதவீதம். கட்டுரைக்காக மட்டும் பொய் சொன்னவருக்கோ 51 சதவீதம். அதாவது அவர் எந்த வகுப்பைச் சேர்ந்தவர் என்பதைத் தரவு தீர்மானிக்கவில்லை.

மென்பொருள் மட்டும் அந்த 51ஐ வைத்துக்கொண்டு அவரைச் சிறிய வகுப்பில் எழுதிவிடும். அதிக நிகழ்தகவுள்ள வகுப்பில் ஒவ்வொருவரையும் சேர்ப்பதே அதன் வழக்கம். இந்தத் தரவில் அப்படிச் சேர்க்கப்படுவோர் 54 பேர். கூர்ந்து பார்த்தால், இரண்டு பொய்க் கேள்விகளில் ஏதேனும் ஒன்றுக்காவது ‘ஆம்’ என்ற அனைவரும் அந்த 54 பேரில் அடக்கம், மற்ற எவரும் இல்லை. மாதிரியின் கணக்குப்படியே அந்த 54 பேரில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் உண்மையில் பெரிய வகுப்பைச் சேர்ந்தவராக இருப்பார்; சிறிய வகுப்பினரில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்பார்கள். தனிமனிதர் ஒருவர்மேல் நடவடிக்கை எடுக்கவோ, உதவித்தொகைக்கு ஆள் தேர்வு செய்யவோ இந்தப் பட்டியலைப் பயன்படுத்துவது ஏன் தகாது என்பதற்கு இதற்குமேல் வாதம் வேண்டியதில்லை.

பின்னணி மாறிகளோடு இணைத்தல்

வகுப்புகள் கிடைத்தவுடன் எழும் இயல்பான கேள்வி, யார் எந்த வகுப்பில் இருக்கிறார்கள் என்பது. பலரும் செய்வது, மேலே சொன்ன கட்டாயச் சேர்ப்பை ஒரு புதிய மாறியாகச் சேமித்து, வயதோடோ மதிப்பெண்ணோடோ குறுக்கு அட்டவணை போடுவது. இப்போது பார்த்த வகைப்பாட்டுப் பிழை முழுவதும் அந்த அட்டவணைக்குள் புகுந்து, உண்மையான தொடர்பை மழுங்கடித்துவிடும்.

போஎல்சிஏ தரும் வழி, பின்னணி மாறியைக் கட்டளையிலேயே அலைக்குறிக்கு வலப்புறம் 1க்குப் பதிலாக எழுதுவது. மாணவர் தரவில் ஐந்து படிகளாகப் பிரித்த ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண் இருக்கிறது. முதல் படி 2.99 வரை, கடைசிப் படி 3.76 முதல் 4.00 வரை. அதைச் சேர்த்து ஓட்டினால், மதிப்பெண் உயர உயரச் சிறிய வகுப்பில் இருக்கும் வாய்ப்பு குறைகிறது என்று தெரிகிறது. இங்கே இரண்டைக் கவனிக்க வேண்டும். எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாத நான்கு மாணவர்களுக்கு மதிப்பெண் விவரம் இல்லை. அதனால் இந்த ஓட்டத்தில் 315 பேரே இருப்பர், பிஐசியை முந்தைய 932உடன் ஒப்பிடக் கூடாது. மேலும், 1 முதல் 5 வரையிலான படிகளை அப்படியே கொடுத்தால் படிக்குப் படி விளைவு சமம் என்ற கருதுகோளும் சேர்ந்தே நுழைகிறது.

இந்த முறையிலும் ஒரு குறை உண்டு: பின்னணி மாறியைச் சேர்த்ததும் வகுப்புகளின் இயல்பே சற்று நகரலாம். அதனால் வகுப்புகளை முதலில் தனியே நிலைநிறுத்தி, வகைப்பாட்டுப் பிழையின் அளவைக் கணித்து, அதற்குத் திருத்தம் செய்தபின் தொடர்பைப் பார்க்கும் மூன்று படி முறை உருவானது. போல்க், குரூன், ஹாகனார்ஸ் ஆகியோர் 2004இலும், வெர்மண்ட் 2010இலும் வகுத்த திருத்தங்களே இன்று பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றுக்கு லேட்டன்ட் கோல்டு, எம்ப்ளஸ் என்ற கட்டண மென்பொருள்களோ, பைத்தான் மொழியில் கட்டணமின்றிக் கிடைக்கும் ஸ்டெப்மிக்ஸோ தேவைப்படும்.

மாதிரியின் அடித்தளத்தைச் சோதித்தல்

ஒரே வகுப்புக்குள் இருப்பவர்களிடம் ஒரு கேள்விக்கான விடை இன்னொன்றைப் பாதிப்பதில்லை என்பதே இம்முறையின் அடித்தளக் கருதுகோள். ஏறத்தாழ ஒரே செய்தியை வேறு சொற்களில் கேட்கும் இரண்டு கேள்விகள் பட்டியலில் இருந்தால் அது உடைந்துவிடும். அந்த இரண்டு கேள்விகளுக்காகவே ஒரு போலி வகுப்பு முளைக்கும். நமது தரவின் இரு பொய்க் கேள்விகளையும் பார்த்ததும் இந்த ஐயம் எழ வேண்டும்.

முதல் சோதனை ஒட்டுமொத்தப் பொருத்தம். ஜி-வர்க்கம் 7.76, கட்டின்மை எண் 6, மாதிரி சரியாக இருந்தும் இவ்வளவு இடைவெளி தற்செயலாக வருவதற்கான வாய்ப்பைச் சொல்லும் பி-மதிப்பு 0.26, மாதிரியை மறுக்க ஆதாரமில்லை. ஆனால் நான்கு கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்ற தொடருக்கு எதிர்பார்க்கப்படுவோர் ஒருவர் அல்லது இருவர்தான். இப்படி மெலிந்த கட்டங்கள் இருக்கும்போது பி-மதிப்புக்கு அடிப்படையான கை-வர்க்கப் பரவலை நம்பி அதைப் படிப்பது பிழையாகலாம். பத்துப் பன்னிரண்டு கேள்விகள் உள்ள ஆய்வில் பெரும்பாலான கட்டங்கள் வெறுமையாகவே இருக்கும் என்பதால் அந்த எண்ணுக்குப் பொருளே இராது. அப்போது, உற்றுநோக்கியதையும் எதிர்பார்த்ததையும் பக்கம் பக்கமாகக் காட்டும் அட்டவணையைத் தொகுப்பிலிருந்து எடுத்து, கேள்விகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒப்பிட வேண்டும். லேட்டன்ட் கோல்டு இதை இருமாறி எச்சங்கள் என்ற பெயரில் தானாகவே தருகிறது. ஏதேனும் ஒரு இணையின் எச்சம் மட்டும் தனித்துப் பெரிதாக இருந்தால், வகுப்பைக் கூட்டுவதற்கு முன் அந்த இரண்டு கேள்விகளில் ஒன்றை நீக்கியோ இரண்டையும் ஒன்றாக்கியோ ஓட்டிப் பாருங்கள்.

எப்போது வேறு மென்பொருள்?

போஎல்சிஏவின் பெரிய குறை, கூறெடுப்பு எடைகளை, அதாவது ஒவ்வொருவரும் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்பதைக் காட்டும் எண்களை, அது ஏற்காதது. இந்தியாவின் தேசியக் குடும்ப நல ஆய்வு போன்ற பெரிய ஆய்வுகள் பல கட்டங்களில், கொத்துக் கொத்தாக ஆட்களைத் தேர்ந்தெடுப்பவை. எடைகளைச் சேர்க்காமல் கிடைக்கும் வகுப்பு அளவுகளை மாநிலத்துக்கோ நாட்டுக்கோ உரியவையாகச் சொல்ல முடியாது. அத்தகைய தரவுக்கு லேட்டன்ட் கோல்டு, எம்ப்ளஸ், அல்லது 2017இல் வெளிவந்த 15ஆம் பதிப்பு முதல் மறைவகுப்பு வசதி உள்ள ஸ்டேட்டா ஏற்றவை. எம்ப்ளஸின் கட்டணமில்லா மாதிரிப் பதிப்பு ஆறு சார்மாறிகளோடு நின்றுவிடும். கற்றுப் பார்க்க அது போதும். விடைகள் வகைகளாக இல்லாமல் தொடர் அளவுகளாக, எடுத்துக்காட்டாக இரத்த அழுத்தம் அல்லது செலவுத் தொகையாக இருந்தாலும் போஎல்சிஏ பொருந்தாது. அவற்றை ‘குறைவு, நடுத்தரம், அதிகம்’ என்று வெட்டித் திணிப்பதை விட, ஆர் மொழியின் எம்க்ளஸ்ட் தொகுப்புக்கு மாறுவதே முறை.

அறிக்கையில், தேர்ந்தெடுத்த மாதிரியை மட்டும் காட்டாமல், ஒரு வகுப்பிலிருந்து ஓட்டிய எல்லா மாதிரிகளின் அளவுரு எண்ணிக்கை, லாக்-லைக்லிஹுட், பிஐசி ஆகியவற்றையும், தொடக்கங்களின் எண்ணிக்கையையும், அவற்றில் உச்ச மதிப்பு எத்தனை முறை வந்தது என்பதையும், விடுபட்ட விடைகளைக் கையாண்ட விதத்தையும் ஒரே அட்டவணையில் கொடுங்கள். வகுப்பு நிகழ்தகவுகளை அவற்றின் திட்டப்பிழையோடு தனி அட்டவணையாக வையுங்கள். வகுப்புகளுக்கு நீங்கள் சூட்டிய பெயர்கள் அதன் தலைப்பில் வரலாம், ஆனால் எண்கள் ஒன்றுகூட விடுபடக் கூடாது.